ஃபெர்மானா–டைரோன்: வரைபடம் மறைத்த பெரும்பான்மை

பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 1922 முதல் 1950 வரை ‘ஃபெர்மானாவும் டைரோனும்’ என்ற பெயரில் ஒரு தேர்தல் தொகுதி இருந்தது. வட அயர்லாந்தின் மேற்கில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு கவுண்டிகளை ஒன்றாக்கி, இரண்டு ஆசனங்களைக் கொடுத்து உருவாக்கிய தொகுதி அது. ஏரிகளும் பண்ணைகளும் சிறு சந்தை நகரங்களும் கொண்ட கிராமப்புறம். அங்கிருந்து இலண்டனுக்குத் தெரிவான உறுப்பினர்கள் பலர் அந்த ஆசனத்தில் நீண்டகாலம் அமரவில்லை. ஒருவர் தெரிவானபோது கப்பலொன்றில் விசாரணையின்றிக் கைதியாக இருந்தார்.

அங்கே வாழ்ந்த மக்களில் பெரும்பான்மையினர் தங்களைப் பிரித்தானிய ஆட்சிக்குள் வைத்திருக்கும் எல்லைக்கோட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. இலண்டன் நாடாளுமன்றத்துக்கான தேர்தல்களில் அந்தப் பெரும்பான்மை பெரும்பாலும் தெளிவாகத் தெரிந்தது. அதே மக்கள் தங்கள் நகரசபைக்கோ கவுண்டி சபைக்கோ வாக்களிக்கப் போனபோது மட்டும் அது காணாமல் போனது. ஒரே ஊர், ஒரே மக்கள், இரண்டு விதமான முடிவுகள். இது எப்படி நடந்தது என்பதை அறிய, அந்தத் தொகுதி பிறந்த காலத்துக்குப் போகவேண்டும்.

கோடு விழுந்த விதம்

1920 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய அயர்லாந்து அரசாங்கச் சட்டம் அந்தத் தீவை இரண்டாகப் பிரித்தது. அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது கவுண்டிகளில் ஆறு வட அயர்லாந்து ஆகின. பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பிய ஐக்கியவாதிகள் ஒன்பதையும் கேட்கவில்லை. ஒன்பதையும் எடுத்திருந்தால் புரட்டஸ்தாந்தரும் கத்தோலிக்கரும் ஏறத்தாழச் சமமாகிவிடுவர். நிலையான பெரும்பான்மை கிடைக்கக்கூடிய ஆறு கவுண்டிகள் போதும் என்பதே அவர்களின் தலைமையின் முடிவு.

ஆனால் அந்த ஆறில் இரண்டு அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. 1911 குடிசன மதிப்பீட்டின்படி ஃபெர்மானாவில் 56 வீதத்தினரும் டைரோனில் 55 வீதத்தினரும் கத்தோலிக்கர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அயர்லாந்துத் தேசியவாதத்தை ஆதரித்தவர்கள். ஆறு கவுண்டிகளையும் ஒரே அலகாக எண்ணினால் ஐக்கியவாதிகள் பெரும்பான்மை. இந்த இரண்டையும் தனியாக எண்ணினால் தேசியவாதிகள் பெரும்பான்மை. எந்த அலகில் எண்ணுவது என்ற முடிவு இலண்டனில் எடுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மக்கள் தங்கள் எதிர்ப்பை உள்ளூராட்சி சபைகள் ஊடாகவே காட்டினார்கள். 1920 உள்ளூராட்சித் தேர்தல்கள் விகிதாசார முறையில் நடந்தன. இரு கவுண்டி சபைகளிலும் தேசியவாதிகள் பெரும்பான்மை பெற்றனர். 1921 இன் இறுதியில் இரு சபைகளும் பெல்ஃபாஸ்ட்டில் அமைந்த புதிய அரசை ஏற்க மறுத்து, டப்ளினில் இயங்கிய அயர்லாந்துக் குடியரசு நாடாளுமன்றத்துக்குத் தங்கள் விசுவாசத்தை அறிவித்தன. பதில் உடனே வந்தது. எனிஸ்கிலனில் ஃபெர்மானா கவுண்டி சபையின் கட்டடத்துக்குள் பொலிஸார் நுழைந்தனர். சபை கலைக்கப்பட்டது.

இதே காலத்தில்தான் நமது தொகுதியும் பிறந்தது. 1918 தேர்தலில் இந்த இரு கவுண்டிகளுக்கும் சேர்த்து ஐந்து ஆசனங்கள் இருந்தன. பெல்ஃபாஸ்ட்டில் தனி நாடாளுமன்றம் அமைவதால் இலண்டனில் வட அயர்லாந்துக்கு இனி 13 ஆசனங்கள் போதும் என்று 1920 சட்டம் கூறியது. அந்தக் குறைப்பில் ஐந்து இரண்டானது. இரண்டு கவுண்டிகளும் ஒரே தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். அதிக வாக்குப் பெறும் இருவர் உறுப்பினர்கள்.

இந்த முறையின் ஒரு விளைவைக் கவனிக்கவேண்டும். இரண்டு கவுண்டிகளும் பிரிக்கப்படாத ஒரே வட்டம் என்பதால், உள்ளே கோடு கீறிப் பெரும்பான்மையை உடைக்க இடமில்லை. தேசியவாதிகள் ஒற்றுமையாக நின்றால் இரண்டு ஆசனங்களும் அவர்களுக்கே. பிரிந்து நின்றால் இரண்டுமே போய்விடும். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 45 வீதமான புரட்டஸ்தாந்த மக்களுக்கு, தேசியவாதிகள் வென்ற ஒவ்வொரு தடவையும் ஓர் ஆசனம்கூட இல்லை. அந்த வகையில் இந்தத் தொகுதியும் நீதியானதல்ல. ஆனால் யார் பெரும்பான்மை என்பதை அது மறைக்கவில்லை.

கப்பலில் இருந்த உறுப்பினர்

1922 நவம்பர் பொதுத் தேர்தலில் இந்தத் தொகுதி முதல் தடவையாக வாக்களித்தது. தேசியவாதிகளான தோமஸ் ஹார்பிசனும் காஹிர் ஹீலியும் தெரிவாகினர். ஹீலியால் வெற்றியைக் கொண்டாட முடியவில்லை. அவர் அப்போது ‘ஆர்ஜெண்டா’ என்ற கப்பலில் அடைக்கப்பட்டிருந்தார்.

அந்த ஆண்டு ஏப்ரலில் வட அயர்லாந்து அரசு விசேட அதிகாரங்கள் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. விசாரணையின்றித் தடுத்துவைக்கவும், வீடுகளைச் சோதனையிடவும், ஒருவர் எங்கே வாழலாம் எங்கே வாழக்கூடாது என்று கட்டளையிடவும் அது உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. ஓர் ஆண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. ஆண்டுதோறும் நீடிக்கப்பட்டு, பின்னர் 1933 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1973 வரை நடைமுறையில் இருந்தது.

மே மாதம் நூற்றுக்கணக்கான தேசியவாதிகள் பிடிக்கப்பட்டபோது ஹீலியும் அவர்களில் ஒருவர். காப்புறுதி முகவராக வேலை பார்த்துக்கொண்டு பத்திரிகைகளுக்கும் எழுதிவந்தவர் அவர். சிறைகளில் இடம் போதாததால் ஒரு பழைய மரக்கப்பலை நங்கூரமிட்டு அதன் உள்ளே கூண்டுகள் அமைத்து ஆட்களை அடைத்தார்கள். 1923 டிசெம்பரில் மீண்டும் பொதுத் தேர்தல் வந்தது. ஹீலி மீண்டும் தெரிவானார். அப்போதும் அவர் கைதிதான். இருமுறை மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரை விசாரணையின்றித் தடுத்துவைப்பது இலண்டனில் சங்கடத்தை ஏற்படுத்தியது. 1924 பெப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 இல், ஹீலி மறுபடியும் கைதானார். இம்முறை பிரித்தானியப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ் இலண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தார். அப்போது அவர் பெல்ஃபாஸ்ட் நாடாளுமன்றத்தின் உறுப்பினர். ஒரு தலைமுறைக்குள் ஒரே மனிதர் இரண்டு அரசாங்கங்களால் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். இரண்டு தடவையும் அவர் மக்கள் பிரதிநிதி.

எல்லை ஆணைக்குழுவின் மீது வைத்த நம்பிக்கை

அந்த ஆண்டுகளில் ஃபெர்மானா, டைரோன் மக்கள் ஒரு விடயத்தை நம்பிக் காத்திருந்தார்கள். 1921 டிசெம்பரில் கைச்சாத்தான ஆங்கிலோ–அயர்லாந்து உடன்படிக்கையின் 12 ஆவது உறுப்புரை ஓர் எல்லை ஆணைக்குழுவை அமைக்கச் சொன்னது. மக்களின் விருப்பத்துக்கு ஏற்ப எல்லை நிர்ணயிக்கப்படும் என்பது அதன் சாரம். மக்களின் விருப்பம் என்றால் தங்கள் இரு கவுண்டிகளும் தெற்கோடு சேரும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எனவே புதிய அரசோடு ஒத்துழைப்பது வீண், எப்படியும் இது சில காலத்துக்குத்தான் என்ற எண்ணம் பரவலாக இருந்தது.

அந்த உறுப்புரையில் இன்னொரு வரியும் இருந்தது. மக்களின் விருப்பம் பொருளாதார, புவியியல் நிலைமைகளோடு பொருந்தும் அளவுக்கு மட்டுமே கணக்கில் எடுக்கப்படும் என்பதே அது. வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்றோ, கவுண்டியை அலகாகக் கொள்ளவேண்டும் என்றோ உடன்படிக்கை சொல்லவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் தெளிவில்லாமல் விடப்பட்ட அந்த வார்த்தைகளுக்கு விலை கொடுத்தவர்கள் மேசையில் இல்லாதவர்கள்.

ஆணைக்குழு 1924 நவம்பரில்தான் கூடியது. தலைவர் தென்னாபிரிக்க நீதிபதி ரிச்சர்ட் ஃபீதம். டப்ளின் சார்பில் ஓவன் மக்நீல். பெல்ஃபாஸ்ட் அரசு தனது உறுப்பினரை நியமிக்க மறுத்ததால், அதன் இடத்துக்கு ஐக்கியவாதியான ஜே. ஆர். ஃபிஷரைப் பிரித்தானிய அரசே நியமித்தது. வட அயர்லாந்து ஏற்கனவே உருவாகிவிட்ட ஒன்று, அதன் உருவத்தைப் பெரிதாக மாற்ற முடியாது, ஓரங்களைத் திருத்தலாம் என்பதே ஃபீதமின் விளக்கம். 1925 நவம்பர் 7 அன்று இலண்டன் பத்திரிகையான ‘மோர்னிங் போஸ்ட்’ அறிக்கையின் உள்ளடக்கத்தை வெளியிட்டது. இரு கவுண்டிகளின் பெரும்பகுதியும் வடக்கிலேயே இருக்கும் என்பதும், தெற்கிலிருந்த டொனிகோலின் ஒரு பகுதிகூட வடக்குக்குப் போகும் என்பதும் தெரியவந்தது. மக்நீல் பதவி விலகினார். டிசெம்பர் 3 அன்று மூன்று அரசாங்கங்களும் எல்லையை இருந்தபடியே விடுவதென்று உடன்பட்டன. பதிலுக்கு டப்ளின் அரசு பிரித்தானியப் பொதுக்கடனில் ஏற்கவேண்டிய பங்கு கைவிடப்பட்டது. அறிக்கை 1969 வரை வெளியிடப்படவில்லை.

இதற்கிடையில் தொகுதிக்குள் ஒரு தவறு நடந்துவிட்டது. 1924 ஒக்டோபரில், ஆணைக்குழு கூடுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், பொதுத் தேர்தல் வந்தது. வென்றாலும் இலண்டன் நாடாளுமன்றத்துக்குப் போகமாட்டோம் என்ற கொள்கையோடு சின் ஃபெயின் வேட்பாளர்களை நிறுத்தியது. தேசியவாதிகள் போட்டியிடவில்லை. அவர்களின் ஆதரவாளர்களில் மிகப் பெரும்பாலானோர் வாக்களிக்கவில்லை. இரண்டு ஆசனங்களும் ஐக்கியவாதிகளுக்குப் போயின. மக்களின் விருப்பத்தை ஆராயும் ஆணைக்குழு வேலையைத் தொடங்கியபோது, ஃபெர்மானாவையும் டைரோனையும் இலண்டனில் பிரதிநிதித்துவப்படுத்திய இருவரும் எல்லை மாறக்கூடாது என்றவர்கள். முடிவை அது தனியாக மாற்றியிருக்காது. ஆனால் தங்கள் எண்ணிக்கையைக் காட்டவேண்டிய நேரத்தில் காட்டாமல் விட்டார்கள்.

ஒரே மக்கள், இரண்டு வரைபடங்கள்

கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். இலண்டன் தேர்தலில் தெரிந்த பெரும்பான்மை உள்ளூராட்சியில் எப்படி மறைந்தது? மூன்று படிகளில்.

முதலாவது, 1922 இல் பெல்ஃபாஸ்ட் அரசு உள்ளூராட்சித் தேர்தல்களில் விகிதாசார முறையை ஒழித்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் அதிக வாக்குப் பெற்றவர் வெல்வார். இப்போது வட்டார எல்லை எங்கே ஓடுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இரண்டாவது, அந்த எல்லைகளைக் கீற 1923 இல் சேர் ஜோன் லீச் தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. உள்ளூர் ஐக்கியவாதிகள் தயாரித்த வரைபடங்களுடன் வந்தார்கள். தேசியவாதிகள் பெரும்பாலும் விசாரணையைப் பகிஷ்கரித்தார்கள். எல்லை ஆணைக்குழு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம், புதிய அரசை அங்கீகரித்ததாக ஆகிவிடும் என்ற அச்சம் இன்னொன்று. அவர்கள் இல்லாத அறைகளில் கோடுகள் கீறப்பட்டன. 1924 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு இரண்டு கவுண்டி சபைகளும் ஐக்கியவாதிகளின் கைக்குப் போயின. எல்லை ஆணைக்குழு வந்தது, போனது. வட்டார எல்லைகள் அரை நூற்றாண்டு நின்றன.

கோடு கீறும் வித்தை எளிது. எதிர்த்தரப்பு வாக்குகளைக் கொஞ்ச வட்டாரங்களுக்குள் குவித்துவிடவேண்டும். அங்கே அவர்கள் மிகப்பெரிய வித்தியாசத்தில் வெல்வார்கள், அந்த மேலதிக வாக்குகள் எதற்கும் பயன்படாது. மற்ற வட்டாரங்களில் சிறிய வித்தியாசத்தில் நாம் வென்றால் போதும். டைரோனின் தலைநகரான ஓமாவில் மக்கள்தொகையில் 61 வீதம் கத்தோலிக்கர். ஆனால் 1960களின் இறுதியில் அதன் நகரசபையில் ஐக்கியவாதிகள் 12 பேர், ஏனையோர் 9 பேர். 1929 இல் பெல்ஃபாஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலிலும் விகிதாசார முறை நீக்கப்பட்டது. அப்போது ஃபெர்மானாவுக்குக் கிடைத்த மூன்று ஆசனங்களில் இரண்டு ஐக்கியவாதிகளுக்குப் போகும்படி எல்லைகள் அமைந்தன. டைரோனில் இது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அங்கே ஐந்தில் மூன்றைத் தேசியவாதிகள் பெற்றார்கள்.

மூன்றாவது படி வாக்குரிமை. இலண்டன் நாடாளுமன்றத்துக்கு வயது வந்த எல்லோரும் வாக்களிக்கலாம். உள்ளூராட்சிக்கு அப்படியல்ல. வரி செலுத்தும் வீட்டுக்கு உரியவரோ வாடகைக்கு எடுத்தவரோ, அவரின் துணைவரோ மட்டுமே வாக்காளர். பெற்றோர் வீட்டில் வாழும் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. இன்னொருவரின் வீட்டில் அறை எடுத்து வாழ்பவருக்கும் இல்லை. மறுபுறம் வர்த்தக நிறுவனங்கள் ஆறு வாக்குகள் வரை நியமிக்கலாம். பிரித்தானியாவின் ஏனைய பகுதிகளில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் இந்த விதிகள் கைவிடப்பட்டன. வட அயர்லாந்து அவற்றை வைத்துக்கொண்டது. 1960களில் இலண்டன் தேர்தலில் வாக்களிக்கக்கூடிய ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தன் ஊர்ச் சபைத் தேர்தலில் வாக்கு இல்லை.

இதனால் வீடு ஓர் அரசியல் பொருளானது. சபை ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுத்தால் அந்த வட்டாரத்தில் இரண்டு வாக்குகள் கூடும். பெரும்பான்மை மெல்லியதாக இருக்கும் வட்டாரத்தில் ‘மற்றவர்களுக்கு’ வீடு கொடுத்தால் சபையே கைமாறலாம். எனவே வீடுகள் தேவைப்பட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. வாக்குச்சீட்டின் கணக்கு ஒரு தாயின் சமையலறைக்குள் வந்து நின்றது. வரைபடத்தில் கீறிய கோடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

போவதா, போகாமல் இருப்பதா?

இந்த நிலையில் கையில் இருந்த ஒரே தெளிவான பெரும்பான்மை இலண்டன் ஆசனங்கள் இரண்டும்தான். அவற்றை வைத்து என்ன செய்வது என்ற விவாதம் தொகுதியின் ஆயுள் முழுவதும் தொடர்ந்தது.

போவதன் பயன் குறைவாகவே இருந்தது. 1923 இல் சபாநாயகர் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார். பெல்ஃபாஸ்ட் நாடாளுமன்றத்துக்குக் கையளிக்கப்பட்ட விடயங்கள் பற்றி இலண்டனில் கேள்வி எழுப்ப முடியாது, அவற்றை பெல்ஃபாஸ்ட்டில்தான் கேட்கவேண்டும் என்பது அது. பொலிஸ், வீடமைப்பு, உள்ளூராட்சி, தேர்தல் எல்லைகள் எல்லாமே கையளிக்கப்பட்ட விடயங்கள். பெல்ஃபாஸ்ட்டில் கேட்டால் நிரந்தரப் பெரும்பான்மை தோற்கடிக்கும். இலண்டனில் கேட்டால் இது இங்கே பேசும் விடயம் இல்லை என்பார்கள். அதிகாரம் பகிரப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓர் அமைப்பில் பொறுப்பு மட்டும் எங்கும் இல்லாமல் போனது.

போகாமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் இருந்தன. உறுப்பினர் ஆசனத்தில் அமர முன்னர் முடிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யவேண்டும். பிரிவினையை ஏற்காத ஒருவருக்கு அது தன்னைத் தெரிந்தெடுத்தவர்களை மறுதலிப்பது போன்றது. ஒரு சத்தியப்பிரமாணம் ஒரு மக்களின் பிரதிநிதித்துவத்தை என்ன செய்யும் என்பதை, 1983 இன் ஆறாவது திருத்தத்தைக் கண்ட எமக்கு விளக்கத் தேவையில்லை.

தொகுதி இரு வழிகளையும் மாறிமாறி முயன்றது. 1929 இல் தேசியவாதிகளின் மூத்த தலைவர் ஜோசப் டெவ்லினும் ஹார்பிசனும் போட்டியின்றித் தெரிவாகினர். ஹார்பிசன் இறந்ததும் 1931 இல் ஹீலி அந்த ஆசனத்துக்கு வந்தார். 1934 இல் டெவ்லின் காலமானார். 1935 இல் தேசியவாதிகளும் குடியரசுவாதிகளும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பற்றிக் கனிங்ஹாமும், ஓமாவில் ‘அல்ஸ்டர் ஹெரல்ட்’ பத்திரிகையின் ஆசிரியரான அந்தனி மல்வியும் வென்றார்கள். அடுத்த பத்து ஆண்டுகள் இருவரும் இலண்டனுக்குப் போகவில்லை. உலகப்போர் வந்து முடிந்தது. இரண்டு கவுண்டிகளின் குரல் அந்த அவையில் கேட்கவில்லை.

1945 இல் இருவரும் மீண்டும் வென்று, இம்முறை அவைக்குள் சென்றார்கள். இலண்டனில் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றிருந்தது. அதன் உறுப்பினர்கள் சிலர் ‘அயர்லாந்தின் நண்பர்கள்’ என்ற குழுவை அமைத்து வட அயர்லாந்துப் பாகுபாடுகளைப் பேசத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் டைரோனின் டங்கானனில் பிரிவினைக்கு எதிரான புதிய அமைப்பொன்றும் உருவானது. நான்கு ஆண்டுகள் கழித்து விடை வந்தது. 1949 இல் தெற்கு குடியரசாகியதும் அதே தொழிற்கட்சி அரசு அயர்லாந்துச் சட்டத்தை நிறைவேற்றியது. வட அயர்லாந்து நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி எல்லை மாறாது என்று அது உறுதியளித்தது. எந்த அலகில் எண்ணுவது என்ற பழைய கேள்விக்கு இலண்டன் மீண்டும் அதே பதிலையே சொன்னது.

போனதாலும் கிடைக்கவில்லை, போகாமல் இருந்ததாலும் கிடைக்கவில்லை. இதை வைத்து இரு வழிகளும் ஒன்றே என்று முடிவுசெய்வது சரியாகாது. பகிஷ்கரித்த இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இலண்டன் ஆசனத்தைப் பகிஷ்கரித்தபோது, ஆசனம் அவர்களுடையதாகவே இருந்தது. வென்ற பின் போகாமல் இருப்பதும் ஒரு செய்திதான். லீச் விசாரணையைப் பகிஷ்கரித்தபோது, கோடு கீறும் பேனா எதிர்த்தரப்பின் கையில் தனியாக விடப்பட்டது. வாக்காளர் பட்டியல், வட்டார எல்லை, வரைபடம் போன்ற சலிப்பூட்டும் விடயங்கள் மேடைகளில் கைதட்டல் வாங்குவதில்லை. இழப்பு அங்கேதான் நடந்தது.

தொகுதி மறைந்த பின்

போருக்குப் பிந்திய தேர்தல் சீர்திருத்தம் ஐக்கிய இராச்சியம் முழுவதும் இரு ஆசனத் தொகுதிகளை ஒழித்தது. 1950 தேர்தலோடு ஃபெர்மானா–டைரோன் தொகுதி மறைந்தது. அதன் நிலப்பரப்பு ‘ஃபெர்மானாவும் தெற்கு டைரோனும்’ என்றும் ‘மத்திய அல்ஸ்டர்’ என்றும் பிரிந்தது. முதல் தேர்தலில் ஹீலி ஒன்றையும் மல்வி மற்றதையும் வென்றார்கள். பெயர் மாறினாலும் பழைய கேள்விகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

1955 இல் இரு தொகுதிகளிலும் சின் ஃபெயின் நிறுத்திய பிலிப் கிளார்க்கும் ரொம் மிச்செலும் வென்றார்கள். ஓமா இராணுவ முகாம் தாக்குதலுக்காக இருவரும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள். தண்டனைக் கைதி உறுப்பினராக முடியாது என்ற சட்டத்தின்படி கிளார்க்கின் ஆசனம் தோற்ற ஐக்கியவாத வேட்பாளருக்குக் கொடுக்கப்பட்டது. மிச்செலின் ஆசனம் வெற்றிடமாக்கப்பட்டு இடைத்தேர்தல் நடந்தது. மக்கள் மறுபடியும் மிச்செலையே தெரிந்தெடுத்தார்கள். மறுபடியும் அது செல்லாது என்றாகி, இரண்டாவதாக வந்தவருக்கு ஆசனம் போனது. அவரும் அரசின் கீழ் ஊதியப் பதவிகள் வகித்ததால் தகுதி இழந்தார். கடைசியில் 1956 இல் நடந்த இன்னொரு இடைத்தேர்தலில்தான் ஆசனம் நிரம்பியது.

வீட்டுக் கேள்வியும் வெடித்தது. 1968 ஜூனில் டைரோனின் கலிடன் கிராமத்தில், பிள்ளைகளுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்திருக்க, ஐக்கியவாதக் கட்சியோடு தொடர்புள்ள சட்டத்தரணி ஒருவரிடம் வேலை பார்த்த திருமணமாகாத 19 வயதுப் பெண்ணுக்குச் சபை வீடு வழங்கப்பட்டது. பெல்ஃபாஸ்ட் நாடாளுமன்றத்தின் இளம் உறுப்பினர் ஒஸ்ரின் கரி அந்த வீட்டுக்குள் புகுந்து அமர்ந்து போராடினார். ஓகஸ்ட் 24 அன்று கோலைலண்டிலிருந்து டங்கானன் வரை முதலாவது சிவில் உரிமைப் பேரணி நடந்தது. அதன் முக்கிய கோரிக்கைகளில் ஒன்று ஆளுக்கொரு வாக்கு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மத்திய அல்ஸ்டர் இடைத்தேர்தலில் 21 வயது மாணவி பெர்னதெத் டெவ்லின் வென்று இலண்டன் அவைக்குள் சென்றார்.

1969 செப்டெம்பரில் வெளிவந்த கெமரன் ஆணைக்குழுவின் அறிக்கை, எல்லைக் கையாடல்களும் வீட்டுப் பாகுபாடும் உண்மை என்று ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டின் இறுதியில் உள்ளூராட்சி வாக்குரிமை எல்லோருக்கும் வழங்கப்பட்டது. 1971 இல் வீடு வழங்கும் அதிகாரம் சபைகளிடமிருந்து எடுக்கப்பட்டு ஒரு பொது நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. 1973 இல் விகிதாசார முறை திரும்பியது. கேட்டவை அநேகமாக எல்லாம் கிடைத்தன. ஆனால் 1969 ஓகஸ்டிலேயே தெருக்களில் இராணுவம் இறங்கிவிட்டது. அடுத்த மூன்று தசாப்தங்களில் 3,500 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1923 இல் ஒரு விசாரணை அறையில் நியாயமாகக் கீறியிருக்கக்கூடிய கோடுகள் திருத்தப்பட அரை நூற்றாண்டு எடுத்தது.

1981 ஏப்ரல் 9 அன்று உலகம் இந்தப் பெயரை மீண்டும் கேட்டது. சிறையில் உண்ணாவிரதம் இருந்த பொபி சான்ட்ஸ் ஃபெர்மானா–தெற்கு டைரோன் இடைத்தேர்தலில் 30,492 வாக்குகள் பெற்று வென்றார். வித்தியாசம் 1,446. தேசியவாத வாக்குகள் பிரியாமல் இருக்க மற்றொரு வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகியிருந்தார். மே 5 அன்று சான்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு, ஓராண்டுக்கு மேல் தண்டனை அனுபவிக்கும் கைதிகள் போட்டியிட முடியாதபடி இலண்டன் சட்டத்தை மாற்றியது.

அந்தத் தொகுதி 2019 வரை ஐக்கிய இராச்சியத்தின் மிக நெருக்கமான போட்டிக் களங்களில் ஒன்றாக இருந்தது. 2001 இல் சின் ஃபெயின் அதை 53 வாக்குகளால் வென்றது. 2010 இல் 4 வாக்குகளால். 2015 இல் இழந்து 2017 இல் மீட்டது. 2019 இல் 57 வாக்குகளால் தக்கவைத்தது. அங்கு வெல்லும் சின் ஃபெயின் உறுப்பினர் இன்றும் இலண்டன் அவையில் அமர்வதில்லை. ஆனால் உள்ளூர்ச் சபைகளிலும், 1998 உடன்படிக்கையால் உருவான பெல்ஃபாஸ்ட் சபையிலும் அதே கட்சி முழுமையாக ஈடுபடுகிறது. தேர்தல் எல்லைகள் மீளாய்வுக்கு வரும்போது வரைபடங்களோடும் புள்ளிவிவரங்களோடும் போய்ச் சாட்சியம் சொல்கிறது. ஆசனத்தில் அமராமல் இருப்பதா என்பதில் பாட்டனாரின் முடிவையே அவர்கள் தொடர்கிறார்கள். கோடு கீறும் அறையைப் பற்றி மட்டும் அவர்கள் வேறு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.